ஆஸுக்குக் கீழே ராணி

எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். சந்துக்குள் அவள் வீட்டை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை. அதுதான் அவளுடைய பட்டறை. மேசை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, அதன் மேல் வாயைப் பிளந்தபடி வரிசையாக வெள்ளைத் தாடைகள். மூலையில் மெருகேற்றும் மோட்டார். அவள் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறுக்கு ரோஜா நிறம் வரும்வரை கலவையைக் கலந்துகொண்டிருப்பாள். அவளுடைய முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். "ஊருக்கெல்லாம் வரிசையா நட்டுத் தர்றியே தங்கச்சி, உன் பல்லைப் பார்த்தா வர்றவன் ஓடிட மாட்டானா?" என்று ஒரு நாள் கேட்டேன். "இதைப் பார்த்துட்டுத்தான் அண்ணே நம்புறாங்க. சொந்தப் பல்லு இவ்வளவு கோணலா இருக்கிறவ அடுத்தவங்க பல்லுல எவ்வளவு கவனமா இருப்பான்னு" என்றாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் கிடையாது. எல்லோரும் அவளைப் பல்லம்மா என்றோம்.

புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். நான் அவனுக்கு மச்சான். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. என் பெயிண்ட் கடைக்கு மேலே இருக்கும் அறையில் சனிக்கிழமை மதியம் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆட வருவார்கள், அவ்வளவுதான் உறவு. அவன் விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். என் சீட்டுக்கட்டு அத்தனையிலும் அவன் கைரேகை உண்டு. சோப்பு வாங்கி வைத்தேன், கை கழுவச் சொல்லிப் பலகை மாட்டி வைத்தேன், திட்டிப் பார்த்தேன். உதிர்கிற சுவருக்கு எத்தனை பூச்சு அடித்தாலும் நிற்காது என்று விட்டுவிட்டேன்.

அந்த அறையில் நான்தான் டைரக்டர். சீட்டு போட்டு, கணக்கு எழுதி, யாராவது மேசையில் பேசினால் வாயை மூடச் சொல்வது என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரும்தான். பிரிட்ஜில் பேசுவது திருட்டு. அதை மட்டும் நான் மன்னிப்பதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நாலு பேரும் ஒரே இனத்தில் ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுப் போட்டவருக்கு அந்தப் பிடி; அடுத்த சீட்டை முதலில் போடுவதும் அவர்தான். ஒரு ஜோடி "இத்தனை பிடி எடுக்கிறோம்" என்று வாக்குக் கொடுக்கும். கொடுத்தவரில் ஒருவர் ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். விரித்த அந்தக் கைக்கு டம்மி என்று பெயர், அதையும் ஆடுபவரே ஆடுவார். மற்ற ஜோடிக்கு அந்த வாக்கை உடைப்பதுதான் வேலை. அதைத்தான் டிஃபென்ஸ் என்கிறோம். டிஃபென்ஸ் செய்பவனுக்குத் தன் கை தெரியும், டம்மி தெரியும். தன் ஜோடியின் கை மட்டும் தெரியாது. கேட்கவும் கூடாது, கண்ணைக் காட்டவும் கூடாது. எதிரே இருப்பவர் எந்தச் சீட்டைப் போடுகிறார் என்று பார்த்து, அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். என் அறைக்கு வந்து பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும்.

அவள் அபாரமாக ஆடுவாள். அவன் சுமார். பெரிய சீட்டு ஒன்று கையில் வந்துவிட்டால் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொள்வான். கடைசி நிமிடம் வரை விடமாட்டான். ஆட்டம் முடிந்து படி இறங்கும்போது அவள் சொல்வாள்: "அந்த ராஜாவைக் கொஞ்சம் முன்னாடியே விட்டிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்." அவன் சொல்வான்: "உனக்கு ராஜா வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் சொல்வாள்: "நான் ஏழு நம்பரைப் போட்டுக் காட்டினேனே." தெருமுனை வரை இது கேட்கும். பிறகு பஸ் வந்துவிடும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். பிறகு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அந்த மாதங்களில் அவன் வேலைக்குப் போனதும் பாதி, போகாததும் பாதி. குளியலறைத் தரையில் அவள் சுருண்டு கிடப்பாளாம். தூக்கினால் வலிக்கிறது என்பாளாம். அவனும் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துகொள்வானாம். எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். தேறி வந்தாள். முடி குட்டையாக முளைத்திருந்தது. "டைரக்டர் அண்ணே, என் இடத்துல யாரையும் உட்கார வைக்கலையே?" என்றபடி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

அவள் தேறி வந்து ஆடிய சில சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் அந்த ஆட்டம் வந்தது.

எதிர் ஜோடியில் வாக்குக் கொடுத்து ஆடியவர் ஒரு வக்கீல். துருப்பு இல்லாத ஆட்டம், ஒன்பது பிடி எடுப்பதாக வாக்கு. பல்லம்மா கையில் ஐந்து ஸ்பேட். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் அவளிடம். முதல் பிடி அவளுக்கு, இரண்டாவதும் அவளுக்கு. மூன்றாவதை வக்கீல் தன் ஸ்பேட் ஆஸால் பிடித்தார். அதற்குள் அவள் புருஷன் கையில் ஸ்பேட் தீர்ந்துவிட்டது. அவளிடம் இன்னும் இரண்டு ஸ்பேட் பாக்கி. இரண்டும் அசைக்க முடியாத பிடிகள். ஆனால் ஆட்டம் மறுபடி அவள் கைக்கு வந்தால்தான் அவற்றை எடுக்க முடியும்.

வக்கீலுக்கு ஒன்பது வர வேண்டுமென்றால் டைமண்டில் ஒரு பிடி விட்டுக்கொடுத்தாக வேண்டும். டம்மியில் டைமண்டின் மிகப் பெரிய சீட்டுகளான ஆஸ், ராஜா, கூட மூன்று பொடிச் சீட்டு. அந்த ஒரு பிடியை மாப்பிள்ளைக்கு விட்டால் ஆபத்தில்லை, அவனிடம் ஸ்பேட் இல்லையே. பல்லம்மாவுக்கு விட்டால் வக்கீல் ஒழிந்தார். மாப்பிள்ளை கையில் டைமண்ட் ராணியும் ஒரு பொடியும். அவள் கையில் ஜாக்கி, பத்து, ஒரு பொடி. வக்கீல் டம்மியிலிருந்து ஆஸைப் போட்டார். மாப்பிள்ளை, யாராக இருந்தாலும் செய்வதைச் செய்தான். பொடியைப் போட்டு ராணியைக் காப்பாற்றினான். அடுத்து டம்மியிலிருந்து பொடி வந்தது. தனியாக நின்ற ராணி அந்தப் பிடியை எடுத்தது. எடுத்து என்ன செய்ய? திருப்பிப் போட ஸ்பேட் இல்லை. வக்கீல் ஒன்பது எடுத்துவிட்டு, "இதை உடைக்கப் படைச்சவனாலும் முடியாது" என்று மேசையைத் தட்டினார்.

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும்தான். பல்லம்மா மட்டும் சிரித்துக்கொண்டே சீட்டை அடுக்கினாள். அன்று படி இறங்கும்போதுகூட அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மாதக் கடைசியில் கட்டி திரும்பி வந்தது.

டாக்டர் மறைக்கவில்லை. இன்னொரு மருந்து இருக்கிறது, முன்னதைவிடக் கடுமை. அது வேலை செய்தால் ஒரு வருஷம், அதற்கு மேலும் கிடைக்கலாம், செய்யாமலும் போகலாம். ஆரம்பிப்பதென்றால் உடம்பில் இப்போது இருக்கும் தெம்பு வற்றுவதற்குள் ஆரம்பிக்க வேண்டும், திங்கட்கிழமை வந்து முடிவு சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் "வேண்டாம்" என்றாள். அவன் கெஞ்சினான். "அப்புறம் பேசலாம்" என்றாள். அவன் கத்தினான். அவள் பட்டறைக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அந்த ஆட்டத்தின் ஐம்பத்திரண்டு சீட்டையும் நாலு கையாக விரித்து வைத்தாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது.

"உட்காருங்க. வக்கீல் ஜெயிச்ச ஆட்டம். இதை உடைக்க வழி இருக்கு. நீங்க கண்டுபிடிங்க" என்றாள்.

"இப்ப இதுவா முக்கியம்?"

"இதுதான். கண்டுபிடிச்சுட்டா திங்கட்கிழமை உங்க கூட ஆஸ்பத்திரிக்கு வரேன். மருந்து ஏத்தட்டும், ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். முடியலன்னா நீங்க ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. என் இஷ்டம்."

"பைத்தியமா உனக்கு?"

"பந்தயம்" என்றாள்.

மறுநாள் அவன் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. உயிரை வைத்து யாராவது சீட்டாடுவார்களா? இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. அவன் அதற்கு வரவில்லை. "மச்சான், ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கொடுங்க" என்றான்.

"டைரக்டர் குறிப்பு கொடுக்கக் கூடாது. விதி" என்று மீசையை முறுக்கினேன். உண்மை என்னவென்றால் எனக்கும் வழி தெரியாது. வக்கீலிடம் போனான். "முடியாதுப்பா, சத்தியமா முடியாது. அந்தம்மா உன்னை ஏமாத்துறாங்க" என்று அவர் அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டு மேசை சீட்டுக்குப் போய்விட்டதால் இருவரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் சீட்டு பறக்கும் என்று திறக்கவில்லை. அவன் காலையில் ஒரு மணி நேரம் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஸ்பேடுக்குப் பதிலாக முதலில் ஹார்ட் வந்தால்? கிளாவர் வந்தால்? தலைகீழாக நின்று பார்த்தான். எந்தப் பக்கம் போனாலும் வக்கீலுக்கு ஒன்பது வந்தது. அவள் கடந்து போகும்போது ஒரு கண்ணால் பார்ப்பாள்.

புதன்கிழமை ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. அவன் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று கையால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் இரும்பு எடைக்கட்டை ஒன்று தொங்கும். பெட்டி மேலே ஏறினால் அது கீழே இறங்கும். இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற சங்கதி. அன்று அந்தக் கட்டை தன்னைக் கடந்து கீழே போவதைப் பார்த்தபோது அவனுக்குச் சுருக்கென்றதாம். ராணியை எதற்குக் காப்பாற்றினேன்? அது என் கையில் இருக்கும்வரை ஆட்டம் என்னிடம்தானே வரும்? எனக்கு வந்து என்ன பிரயோஜனம், அவளுக்கல்லவா வர வேண்டும்?

கை கழுவாமல் நேரே என் கடைக்கு ஓடி வந்தான். வாடிக்கையாளர் ஒருவர் ஜன்னல் கம்பிக்குப் பச்சை நிறம் தேடிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளிவிட்டு மேசை மேல் சீட்டைப் போட்டான்.

"வக்கீல் டம்மியில இருந்து ஆஸைப் போடுறாரு இல்ல? பிடி எப்படியும் அவருக்குத்தான். அந்த ஆஸுக்குக் கீழேயே நான் ராணியைத் தூக்கிப் போட்டுடணும் மச்சான். பொடியை இல்லை, ராணியை. அப்போ என்ன மிச்சம்? ராஜாவும் போனதுக்கப்புறம் அவ கையில இருக்கிற ஜாக்கிதான் பெரிய சீட்டு. வக்கீல் எப்படிப் புரண்டாலும் டைமண்டுல அவளுக்கு ஒரு பிடி விட்டே ஆகணும். அவ உள்ளே வந்துட்டா ரெண்டு ஸ்பேடும் எடுத்துடுவா. எட்டுலயே வக்கீல் காலி."

நான் சீட்டைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். எத்தனை வருஷமாக இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். கையில் இருக்கும் ராணியை, எதிராளியின் ஆஸுக்குக் கீழே சும்மா தூக்கிப் போடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஓடுடா" என்றேன். என் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றான். முகத்தில் ஒன்றுமில்லை.

"என்ன சொன்னா? எப்போ ஆஸ்பத்திரி?" என்றேன்.

"போகலை மச்சான். கிடைக்கலைன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திரண்டு வந்த வெண்ணெயைத் தாழியோடு போட்டு உடைத்துவிட்டாயே முட்டாள், நானே போய்ச் சொல்கிறேன் என்று ஷட்டரை இழுத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கேளுங்க. வீட்டுக்கு ஓடினேன். வாசல்லயே அவ பாட்டு கேட்டுச்சு. பட்டறையில உட்கார்ந்து யாருக்கோ கீழ்வரிசைக்கு மெருகேத்திக்கிட்டே பாடுறா. எவ்வளவு நாளாச்சு தெரியுமா அவ பாடி? பக்கத்துல சூப் கிண்ணம், வழிச்சுக் குடிச்சு முடிச்சிருக்கா. கன்னத்துல கொஞ்சம் சதை வந்திருக்கு. நான் அங்கேயே நின்னுட்டேன். போன தடவை அந்தத் தரையில கிடந்தது ஞாபகம் வந்துடுச்சு. மச்சான், என்னால தலைகீழா நின்னாலும் முடியாதுன்னு நினைச்சுத்தான் இந்த ஆட்டத்தை எடுத்திருக்கா. அவளுக்கு வேண்டாம். என்கிட்ட நேரா சொன்னா நான் உடைஞ்சுடுவேன்னு இப்படிச் சொல்லியிருக்கா. இது தெரிஞ்சும் நான் ஜெயிச்சேன்னு அவளை இழுத்துட்டுப் போகவா?"

"இல்லாம ஆகப்போறது அவடா. உனக்கு அவ வேண்டாமா?"

அவன் என் மணிக்கட்டை விட்டான். பெரிய ஆள்; என் கடை வாசலில், சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "சத்தியம் பண்ணுங்க, அவகிட்ட சொல்ல மாட்டேன்னு" என்றான். அவன் அழுகையைப் பார்க்க முடியாமல் சத்தியம் செய்தேன். திங்கட்கிழமை வந்தது, போனது.

பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அவள் நன்றாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை ஆட வந்தாள். அவர்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். படி இறங்கும்போது சண்டை இல்லை. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் மடத்தனமாக ஆடினாலும் அவள் "பரவாயில்லைங்க" என்பாள். அவன் "டீ கொண்டு வரட்டுமா?" என்று எழுந்து போவான். பிறகு அவளால் படியேற முடியவில்லை. பிறகு கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

அவன் மருந்துக் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. முன்பல் இரண்டும் இப்போது பெரிதாகத் தெரிந்தன.

"அண்ணே, ஒண்ணு கேட்கவா? இவருக்கு நான் ரொம்பப் பாரமா இருந்துட்டேனா?"

"என்ன பேச்சு இது?"

"இல்ல, அந்த ஆட்டம் இருந்துச்சு இல்ல, வக்கீல் ஆட்டம். இவரால முடியும்னு நினைச்சுத்தான் அதை எடுத்தேன். கஷ்டம்தான், ஆனா இவரு ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டாரு. ஒரு வாரம் முட்டினா கண்டுபிடிச்சுடுவாருன்னு தெரியும். எனக்கு அந்த மருந்து பயம் அண்ணே. வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா இவரைத் தனியா விட்டுட்டுப் போறது அதைவிடப் பயம். வாயைத் திறந்து, நான் இன்னும் வேணுமா, இல்ல போதும்னு ஆயிடுச்சான்னு கேட்டா, யாரா இருந்தாலும் வேணும்னுதானே சொல்லுவாங்க? பாவம், அவ்வளவு பட்டிருக்காரு. அதான் சீட்டுல கேட்டேன். நான் வேணும்னா எப்படியாவது கண்டுபிடிச்சு வந்து நிப்பாரு. போயிடலாம்னு பையைக்கூட எடுத்து வச்சிருந்தேன். வந்து, கிடைக்கலைன்னாரு. சரி, அலுத்துப் போச்சு போல, நியாயம்தானேன்னு இருந்துட்டேன்."

இதை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுநடுவே தண்ணீர் கேட்டாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராணியைத் தூக்கிப் போடுவது எதற்கு? எதிரே இருப்பவர் கையில் ஜாக்கி உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்தப் பக்கம் இருப்பவரும் "உங்களுக்காகத்தான்" என்று ஜாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டால் எதிராளிக்குக் கொண்டாட்டம். கெட்டிக்கார ஜோடிகள்தான் இப்படித் தோற்கும். முட்டாள்கள் ஆளுக்கொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எப்படியோ பிழைத்துவிடுவார்கள். எனக்கு அவர்கள் இருவர் மேலும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பேசக் கூடாது என்பது மேசைக்குத்தானே விதி? வீட்டுக்கு யார் போட்டார்கள்?

சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது. "கண்டுபிடிச்சான் தங்கச்சி" என்றேன். "ஆஸுக்குக் கீழே ராணி. புதன்கிழமையே கண்டுபிடிச்சான். என் கடையில வந்து போட்டுக் காட்டினான்."

அவள் என்னையே பார்த்தாள்.

"ஓடி வந்தான் உன்கிட்ட சொல்ல. நீ பாடிக்கிட்டு இருந்தியாம். உனக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சு முழுங்கிட்டான். என் கடை வாசல்ல உட்கார்ந்து அழுதான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கிட்டான்."

"அலுக்கலையா அவருக்கு?"

"அலுக்கலைம்மா."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை. அந்த வற்றிய முகம் கல்யாணப் பெண் மாதிரி மலர்ந்தது. பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. நான் துடைத்தேன்.

"சொல்லியிருந்தா போயிருப்பேனே அண்ணே" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேனே."

"இப்போ கேட்டா டாக்டர்—"

"அது முடிஞ்சு போச்சு. எனக்கே தெரியுது." கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "அவருகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. நான் ஆசைப்பட்டதைக் கொடுத்தோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். நான் பையை எடுத்து வச்சது தெரிஞ்சா அவரால தாங்க முடியாது. நீங்க ஒரு சத்தியத்தை உடைச்சுட்டீங்க. இதை உடைக்காதீங்க."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் மருந்துப் பையோடு உள்ளே வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "என்ன, அண்ணனும் தங்கச்சியும் என்னைப் பத்திக் குறை பேசி முடிச்சாச்சா?" என்றான். "ஆமா, உங்க டிஃபென்ஸைப் பத்தித்தான்" என்றாள் அவள். அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விடச் சொல்லியும் விடவில்லை. அவன் ஒரு கையாலேயே மாத்திரையைப் பிரித்தான்.

அந்த வாரமே போய்விட்டாள்.

வெகு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் படியேறி வந்தான். கை கழுவி, நகமெல்லாம் சுத்தமாக இருந்தது. ஆட வரவில்லை என்றான். எல்லோரும் போகும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் சீட்டுக்கட்டுகளுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நீங்க எதையும் மூடி மறைக்காம மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. அதனாலதான் உங்களைக் கேட்கிறேன். நான் செஞ்சது சரிதானே? அவ மனசுல இருந்ததைத்தானே செஞ்சேன்?"

ரப்பர் என் விரலில் அறுந்து தெறித்தது. நான் குனிந்து அதைத் தேடினேன்.

"அவ மனசுல இருந்ததைத்தான்" என்றேன்.

அவன் நீண்ட மூச்சு விட்டான். தோள் இரண்டும் இறங்கின. அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, ஏறக்குறையச் சிரித்துக்கொண்டு சொன்னான்:

"எவ்வளவு வருஷம் எதிர்க்க உட்கார்ந்து ஆடினோம். எப்பவும் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். அது ஒண்ணுதான் மச்சான், நான் அவளைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டது."